புதிய மின்சாரமும் பட்டறைத் தொழிலாளியும்

சென்ற சில வருஷ காலமாக நமது நாட்டில் எங்கு பார்த்தாலும் பசுமை மின்சாரம், பசுமை மின்சாரம் என்கின்ற ஒரே பேச்சாக இருந்து வருவதை வாசகர்கள் அறிவார்கள். நிலக்கரியையும் பெட்ரோலையும் டீசலையும் ஒழித்துவிட வேண்டியது, சூரிய வெளிச்சத்தில் இருந்தும் காற்றில் இருந்தும் மின்சாரம் எடுத்துக் கொள்ள வேண்டியது, பஸ்ஸும் காரும் ஆட்டோவும் அந்த மின்சாரத்திலேயே ஓட வேண்டியது என்பதாக மந்திரிகள் பேசுகின்றார்கள்; மந்திரிகளுக்கு முன்னால் முதலாளிகள் பேசுகின்றார்கள். 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதம் கிளாஸ்கோ நகரத்தில் நடந்த உலக மகாநாட்டில், 2070-ஆம் வருஷத்துக்குள் இந்தியாவின் கரிப்புகைக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து விடுவதாக இந்தியப் பிரதம மந்திரியார் வாக்குக் கொடுத்து விட்டு வந்தார். 2025 ஜூன் மாதத்தில், நாட்டில் நிறுவப்பட்டிருக்கும் மின்சார உற்பத்திச் சக்தியில் சரிபாதி கரி, எண்ணெய் அல்லாத வழிகளைச் சேர்ந்ததாக ஆகிவிட்டது என்றும், 2030-இல் செய்ய வேண்டியதை ஐந்து வருஷம் முந்தியே செய்து விட்டோம் என்றும் சர்க்கார் தம்பட்டம் அடித்தார்கள். (நிறுவிய சக்தியில்தான் பாதியே ஒழிய, கம்பி வழியாக நம் வீட்டுக்கு வருகின்ற மின்சாரத்தில் பெரும் பகுதி இன்றைக்கும் கரியை எரித்து எடுப்பதுதான் என்பதைத் தம்பட்டக்காரர்கள் மெதுவாகத்தான் சொல்லுவார்கள்.) நிற்க, இவ்வளவு பேச்சிலும் ஒரே ஒரு விஷயத்தை மாத்திரம் காணோம். இதுவரையில் பழைய தொழிலில் பாடுபட்டு வந்தவன் இனி என்ன ஆவான் என்பதுதான் அது.

இப்படிக் கேட்டவுடனே நம்மைப் பார்த்து, "இவர்கள் முன்னேற்றத்துக்கு விரோதிகள், கரிப்புகையே வேண்டும் என்கிறவர்கள்" என்று சொல்லச் சிலர் தயாராய் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிக் கொள்ளுகின்றோம். கரி போவதில் நமக்கு யாதொரு வருத்தமும் இல்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் ஆரம்பித்து 2017 மார்ச்சு மாதம் மூடப்படும் வரையில் அதன் புகையைச் சுவாசித்தவர்கள் மந்திரிகள் அல்ல. பக்கத்துக் குப்பத்து ஜனங்களே யாவார்கள். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலையாறு பாழானபோது வலையை எடுத்துக் கொண்டு போனவன் வெறும் வலையோடு திரும்பி வந்தான். அம்பத்தூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் லேத் ஓட்டுகிறவனுக்கு, பூமி சூடாகிக் கொண்டு வருகின்றது என்பதை எந்த விஞ்ஞானியும் வந்து ருஜுப்படுத்த வேண்டியதில்லை. இயந்திரம் வேண்டாம், இராட்டினத்தைச் சுற்றிக் கொண்டு இருங்கள் என்று உபதேசம் செய்த கூட்டத்தில் நாம் ஒரு நாளும் சேர்ந்தவர்கள் அல்ல. மனிதனுடைய சரீரப் பாட்டைக் குறைக்கின்ற எந்த யந்திரமும் வரட்டும் என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம். ஆனால் யந்திரம் குறைப்பது பாட்டையா அல்லது பாடுபடுகிறவனுடைய சோற்றையா என்று கேட்பதற்கு நமக்குப் பாத்தியதை உண்டா இல்லையா?

மேற்குச் சென்னைப் பக்கத்தையே எடுத்துக் கொள்ளுவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தாரால் ஏற்படுத்தப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கரில், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய பெரிய பட்டறைகள் அங்கு இருந்து வருகின்றன. பக்கத்தில் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் ஃபாஸனர்ஸ் முதலிய பெரிய கம்பெனிகள். பெரிய கம்பெனியின் ஆர்டரை வாங்கி நடுத்தரக் கம்பெனி செய்கின்றது. நடுத்தரக் கம்பெனியின் ஜாப் ஒர்க்கைப் பத்துப் பேர், இருபது பேர் வைத்திருக்கும் பட்டறைக்காரர் செய்கின்றார். அதிலும் மிச்சப்பட்டதை ஒரே லேத்து வைத்திருக்கிறவர் வாடகை ஷெட்டில் செய்கின்றார். மோட்டார் உலகம் அங்கே ஒரு பெரிய மரமாக இருக்கின்றது என்றால் இவர்கள் அதனுடைய சல்லிவேர்கள்.

இந்தப் பட்டறைகளில் என்ன செய்கின்றார்கள்? பிஸ்டனுக்கு வேண்டியது, வால்வுக்கு வேண்டியது, கேம் ஷாஃப்ட், கிளட்ச் தட்டு, கியர் சக்கரம், எண்ணெய் பம்பு, ரேடியேட்டர், சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்குக்கு மூடி என்று பலவற்றைச் செய்கின்றார்கள். மின்சார வண்டி என்பதோ ஒரு பாட்டரியும், ஒரு மோட்டாரும், அவற்றை ஆட்டி வைக்கின்ற மின்னணுப் பெட்டியும் ஆகும். அதிலே பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, எண்ணெய் மாற்றுகிற வேலையே இல்லை. பிரேக்கும் சக்கரமும் ஸ்பிரிங்கும் ஸீட்டும் டயரும் இருக்கும். ஆகையால் அவற்றைச் செய்கிறவர்கள் தப்பித்துக் கொள்ளுவார்கள். பெரிய கம்பெனிகளும் தப்பித்துக் கொள்ளும். அவர்களுக்குப் பணம் இருக்கின்றது, பாங்கி இருக்கின்றது, வெளிநாட்டுக் கூட்டு இருக்கின்றது. இன்றைக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறவன் நாளைக்கு வண்டி மோட்டார் செய்யப் புது யந்திரம் வாங்கிப் போடுவான். ஆனால் வால்வு கைடு ஒன்றையே பதினெட்டு வருஷமாகக் கடைந்து வந்த டர்னர் எங்கே போவான்?

பட்டரவாக்கம் பக்கத்தில் இப்படிப்பட்ட ஒரு தோழரிடம் பேசிக் கொண்டிருந்தோம். வயது நாற்பத்தாறு. "மைக்ரோமீட்டர் வெக்காமலே கையால தொட்டு அளவு சொல்லுவேண்ணே, அந்தக் கை இனிமே எதுக்கு?" என்று கேட்டார். அவருக்கு ஆர்டர் இன்னும் நின்று போய்விடவில்லை, குறைந்திருக்கின்றது. மூன்று ஷிப்டாக ஓடிய பட்டறை இரண்டாகி விட்டது. முதலாளி அவரைப் போகச் சொல்லவில்லை. ஓவர்டைம் மாத்திரம் இல்லை என்று ஆகிவிட்டது. தொழிலாளிக்குச் சம்பளம் சோற்றுக்கு என்றால் ஓவர்டைம்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்பது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதானே. ஆகவே இந்த விஷயம் ஒரு நாள் காலையில் ஷட்டரை இழுத்து மூடுவதாக வரப்போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு மாதத்துக்கு ஒருவராக, பத்திரிகையில் ஒரு வரி கூட வராமல் வரும். ஆவடி ரோட்டிலும் திருமுல்லைவாயலிலும் மரத்தடியில் கடை போட்டிருக்கின்ற ஸ்கூட்டர் மெக்கானிக்குகளின் கதியும் இதுவேதான். பிளக்கைச் சுத்தம் செய்வதற்கும் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கும் இனி யார் வருவார்கள்? மின்சார ஸ்கூட்டர் நின்று போனால் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும் என்கின்றான். அந்தக் கம்ப்யூட்டரின் பூட்டை மரத்தடி மெக்கானிக்குக்குத் திறந்து காட்ட அவன் தயாராய் இல்லை.

இதைப் பற்றிக் கேட்டால், "என்ன செய்வது, காலத்தின் கட்டாயம்" என்கின்றார்கள். முன்னே பிரமன் எழுதினான் என்றார்கள். இப்பொழுது காலம் எழுதுகின்றது என்கின்றார்கள். எழுதப்படுவது மாத்திரம் எப்பொழுதும் ஏழையின் தலையிலேயே எழுதப்படுகின்றது என்பதுதான் ஆச்சரியம். எந்தச் சாலையில் எந்தப் பஸ் ஓட வேண்டும், எந்தக் கம்பெனிக்கு எத்தனை கோடி சலுகை, எந்த ஊரில் நிலம், எத்தனை வருஷத்துக்கு வரி தள்ளுபடி என்பதையெல்லாம் காலமா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது? அவையெல்லாம் மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடுகள். அந்த மேஜையில் டர்னருக்கு நாற்காலி போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆயுத பூஜை தினத்தில் லேத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்துவிட்டு, மறுநாள் அந்த லேத்துக்காரனை நாலு நாளைக்கு வரவேண்டாம் என்கின்ற மரியாதையை என்னவென்று சொல்லுவது? புது மின்சார வண்டிக்கும் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஓட்டுகின்றார்கள். பாட்டரி மாறியதே தவிர புத்தி மாறியதாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் இருக்கின்றது. 2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆந் தேதி முதல் அமலுக்குக் கொண்டு வரப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புச் செய்யப்பட்ட தொழிலாளி வேறு தொழில் கற்றுக் கொள்ளுவதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்தியிருக்கின்றார்கள். கேட்பதற்கு மிகவும் அழகாய்த்தான் இருக்கின்றது. அதன்படி முதலாளி கட்ட வேண்டியது எவ்வளவு? பதினைந்து நாள் சம்பளம்! பதினெட்டு வருஷம் கற்ற தொழிலை மறந்து, புதுத் தொழில் ஒன்றைப் பதினைந்து நாள் கூலியில் கற்றுக் கொள்ளுவதென்றால் நமது தொழிலாளர்கள் எல்லோரும் திருஞானசம்பந்தர்களாகத்தான் இருக்க வேண்டும். அதுவன்றி, வருஷம் ஒன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு என்பது பழைய சட்டத்திலும் உண்டு, இதிலும் உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு 270 நாள் சம்பளம் வர வேண்டும். யாருக்கு வரும்? மஸ்டர் ரோலில் தொடர்ச்சியாகப் பெயர் உள்ளவனுக்கு வரும். கான்ட்ராக்டர் பெயர் மாறும் போதெல்லாம் புது ஆளாக எழுதப்படுகிறவனுக்கு ஒரு காசும் வராது. ஒரே கேட்டுக்குள் பத்து வருஷம் போய் வந்தவன் காகிதத்தில் பத்து மாத ஆளாகவே இருப்பதை நாம் எத்தனையோ பார்த்திருக்கின்றோம். ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் சர்க்காரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்கின்ற விதியோ முன்னே 100 பேருள்ள தொழிற்சாலைக்கு இருந்தது. இப்பொழுது 300 பேருள்ளதற்கு என்று உயர்த்தப்பட்டு விட்டது. முப்பது பேர் வேலை செய்யும் அம்பத்தூர் பட்டறைக்கு நூறானால் என்ன, முந்நூறானால் என்ன?

"பழைய வேலை போனால் புது வேலை வருகின்றதே" என்பது அடுத்த சமாதானம். 2023-ஆம் வருஷத்து தமிழ்நாடு மின்சார வாகனக் கொள்கையில் 50,000 கோடி ரூபாய் முதலீடும் 1,50,000 புது வேலையும் குறியாக வைக்கப்பட்டிருக்கின்றன. சந்தோஷம். ஆனால் போகப் போகின்ற வேலைக்கும் இதேபோல் ஒரு எண் போட்டார்களா? வரவு மாத்திரம் எழுதிச் செலவை எழுதாத கணக்குப் பிள்ளையை எந்த முதலாளியாவது வைத்துக் கொள்ளுவானா? அன்றியும் வருகின்ற வேலை எங்கே வருகின்றது என்று பாருங்கள். ஸ்கூட்டர் கம்பெனி போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும். வியட்நாம் நாட்டுக் கார் கம்பெனி 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில். கொரட்டூரில் குடியிருந்து கொண்டு, பெண்சாதி ஒரு பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க் கொண்டு, வயதான தாயாரையும் வைத்துக் கொண்டிருக்கிறவன் 600 கிலோமீட்டர் தள்ளி எப்படிப் போவான்? போனாலும் நாற்பத்தாறு வயதுக்காரனை எடுத்துக் கொள்ளுவார்களா? புதுக் கம்பெனிகளுக்கு வேண்டியது இருபது வயதுப் பிள்ளைகளும் பெண்களும்தான். ஹாஸ்டலில் வைத்து, வேனில் ஏற்றி, சில வருஷத்தில் மாற்றி விடுவதற்கு அவர்கள்தான் சௌகரியம்.

கிட்டத்திலேயே இருக்கின்றதே என்றால், பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஒரு அமெரிக்கக் கம்பெனியார் சூரியத் தகடு செய்யும் தொழிற்சாலை திறந்தார்கள். வருஷத்துக்கு 3,300 மெகாவாட்டுக்கு வேண்டிய தகடுகள் அங்கே செய்ய முடியுமாம். மிகப் பெரிய தொழிற்சாலைதான். அதில் நேராக வேலை கிடைப்பது சுமார் 1,000 பேருக்கு என்று அவர்களே சொன்னார்கள். யந்திரம் அவ்வளவு கெட்டிக்கார யந்திரம்! அதில் குற்றமில்லை. ஆனால் இதைக் காட்டி அம்பத்தூருக்குச் சமாதானம் சொல்லக் கூடாது என்கின்றோம். மற்றும், அந்தச் சாலையில் உள்ள புதுத் தொழிற்சாலைகளில் சங்கம் வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள் காட்டி விட்டார்கள். 2024 செப்டம்பர் 9-ஆந் தேதி ஆரம்பித்து 37 நாள் வெளியில் உட்கார்ந்து, ஹைகோர்ட்டு வரை போய், 2025 ஜனவரியில்தான் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. 1926-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமைக்கு நூறு வருஷம் ஆகும் தறுவாயில் இந்தப் பாடு!

நிற்க, பூந்தமல்லிக்கு வருவோம். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தார் உலக வங்கி உதவியோடு 625 மின்சார பஸ் விடுவதென்று ஏற்பாடு செய்து, 2025 ஜூன் 30-ஆந் தேதி வியாசர்பாடி டிப்போவில் இருந்து முதலில் 120 பஸ் விட்டார்கள். பூந்தமல்லி டிப்போவும் இந்த ஏற்பாட்டுக்காக ஒதுக்கப்பட்ட டிப்போக்களில் ஒன்றாகும். சத்தமில்லாத பஸ், புகையில்லாத பஸ், தாழ்வான படி, கிழவர்களும் மாற்றுத் திறனாளிகளும் ஏறலாம். இது நல்ல பஸ் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பஸ் யாருடையது? கழகத்தினுடையது அல்ல, கம்பெனியினுடையது. டிரைவர் கம்பெனி ஆள். ரிப்பேர் பார்க்கிறவன் கம்பெனி ஆள். கண்டக்டர் மாத்திரம் கழகத்து ஆள். ஓடுகின்ற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குப் பணம் கட்டும். பாட்டரிக்கும் தனியார் கான்ட்ராக்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம். டீசலுக்குப் பதிலாக மின்சாரம் போட்டால் டிரைவரைச் சர்க்கார் சம்பளப் பட்டியலில் வைத்துக் கொள்ளக் கூடாது என்று எந்த விஞ்ஞானப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது? பாட்டரி பஸ்ஸை மேய்க்கக் கழகத்து மெக்கானிக்குகளுக்குப் பழக்கம் இல்லை என்றால் பழக்குவதுதானே முறை? பட்டறையில் இருபது வருஷம் டீசல் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவன் ஒரு மோட்டாரைப் புரிந்து கொள்ள மாட்டானா? பசுமை என்கின்ற போர்வைக்குக் கீழே வேறொன்றும் உள்ளே நுழைகின்றது என்று போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் சொல்லுவதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

ஆவடித் தோழர்கள், டாங்கி இப்போதைக்குப் பாட்டரியில் ஓடப்போவதில்லை, ஆதலால் நமக்குக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். 2021 அக்டோபர் 1-ஆந் தேதி, 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளிகளை யார் கேட்டார்கள்? கேட்காதது மாத்திரம் அல்ல, வேலை நிறுத்தம் செய்தால் ஜெயில் என்று அதற்கு முன்னாலேயே ஜூன் மாதத்தில் அவசரச் சட்டம் போட்டு விட்டார்கள். மாறுதல் எந்தப் பெயரில் வந்தாலும் வருகின்ற வழி ஒன்றுதான்.

சூரிய மின்சாரம் தொழிலாளி வீட்டுக்கு எப்படி வருகின்றது என்பதையும் பார்த்து விடுவோம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு வைப்பதாகவும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் வைக்கிறவர்களுக்கு 78,000 ரூபாய் மானியம் கொடுப்பதாகவும் திட்டம் போட்டார்கள். கூரை உள்ளவனுக்கு மானியம். மண்ணூர்பேட்டையிலும் அத்திப்பட்டிலும் ஒரே வரிசையில் பத்து அறையாகக் கட்டி விட்டிருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கிறவனுக்குக் கூரை ஏது? அவனுக்கு மின்சார போர்டார் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுப்பதே அநேக இடங்களில் கைக்கு வருவதில்லை. சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததே விலை. நாளைக்கு அந்த வீட்டுக்காரர் சர்க்கார் மானியத்தில் மாடியில் தகடு வைத்து, சூரியன் சும்மா கொடுக்கின்ற மின்சாரத்தைக் குடியிருக்கிறவனுக்கு அதே விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகின்றார்கள்?

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் இரண்டு மாதிரியும் இருக்கின்றது. இங்கிலாந்தில் 1984-85-இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலை நிறுத்தம் செய்தும், அந்த நாட்டுச் சர்க்கார் போலீசைக் கொண்டு முறியடித்துச் சுரங்கங்களை மூடினார்கள். ஊர் ஊராக வேலையற்றுப் போயிற்று. 2024 செப்டம்பர் 30-ஆந் தேதி அங்கே கடைசிக் கரி மின் நிலையமும் நின்றது; ஆனால் அந்தச் சுரங்க ஊர்களின் புண் இன்னமும் ஆறவில்லை. ஜெர்மனியிலோ கல்கரிச் சுரங்கங்களை மூடுவதென்று 2007-இலேயே முடிவு செய்து, கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடினார்கள். இடையில் உள்ள பதினோரு வருஷத்தில் வயதானவர்களுக்கு முன்கூட்டிப் பென்ஷன், இளைஞர்களுக்கு வேறு தொழில், ஒருவரையும் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்புவதில்லை என்கின்ற ஏற்பாடு. ஜெர்மன் முதலாளிகள் தர்மப் பிரபுக்கள் என்பதால் அல்ல. 1951-ஆம் வருஷத்துச் சட்டப்படி கரி, இரும்புக் கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி ஸ்தானம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இருந்தது, ஆதலால் நடந்தது. 2015-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலும் தொழிலாளிக்கு நியாயமான முறையில் மாறுதல் நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கின்றது. இந்தியாவும் கையெழுத்துப் போட்டிருக்கின்றது. அந்த வரி அம்பத்தூர் வரைக்கும் வரவில்லை.

ஆகையால் நாம் கேட்பதெல்லாம் இதுதான். முதலாவது, அம்பத்தூர், பாடி, திருமுல்லைவாயல், ஆவடிப் பட்டறைகளை ஒவ்வொன்றாகச் சர்க்கார் கணக்கெடுக்க வேண்டும். எந்தப் பட்டறை எஞ்சின் சாமானை நம்பியிருக்கின்றது, அதில் எத்தனை பேர், என்ன வயது, எத்தனை பேர் கான்ட்ராக்ட் என்று தெரிய வேண்டும். வண்டியை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மனிதனை எண்ணவா தெரியாது? அம்பத்தூரிலேயே அரசாங்க ஐ.டி.ஐ. இருக்கின்றது. அங்கே மாலை நேரத்தில் மோட்டார் சுற்றுவது, பாட்டரி பார்ப்பது, கம்ப்யூட்டர் லேத் ஓட்டுவது முதலியவற்றை நாற்பது வயதுக்காரனுக்கும் கற்றுக் கொடுக்கலாம். ஆனால் கற்கின்ற நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். கூலியில்லாத படிப்பு சோறுள்ளவனுக்கே ஆகும். மின்சார வண்டிக் கம்பெனிக்குச் சலுகை கொடுக்கும்போது, பழைய பட்டறைகளில் இருந்து இத்தனை பேரை எடுக்க வேண்டும் என்றும், இத்தனை பங்கு சாமானை அம்பத்தூர் போன்ற பேட்டைகளில் வாங்க வேண்டும் என்றும் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். நிலத்துக்கும் வரிக்கும் ஷரத்து எழுதத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் எழுதத் தெரியும். கான்ட்ராக்டர் மாறினாலும் ஒரே கேட்டில் செய்த சர்வீஸ் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதில் சிறு பட்டறை முதலாளிகளும் தொழிலாளிகளோடு சேர வேண்டியவர்களே என்பது நமது அபிப்பிராயம். பாங்கிக்காரன் லேத்தின் மேல் கடன் கொடுத்திருக்கின்றான். லேத்துக்கு வேலையில்லாமல் போனால் முதலில் தொழிலாளி போவான், பின்னாலேயே அவரும் போவார். அவர்களில் பலர் நேற்று வரையில் லேத் ஓட்டினவர்கள்தான். ஆனால் இன்றைய தினம் அவர்கள் சங்கம் வேறாகவும் இவர்கள் சங்கம் வேறாகவும், பெரும்பாலான இடங்களில் சங்கமே இல்லாமலும் இருக்கின்றது.

நமது பத்திரிகையைப் படிக்கின்ற அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்கள், தங்கள் பட்டறையில் என்ன சாமான் செய்யப்படுகின்றது, இரண்டு வருஷத்துக்கு முன் எத்தனை ஷிப்டு, இப்பொழுது எத்தனை, நிரந்தர ஆள் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை என்பதை ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்பினால் போதும். பட்டறையின் பெயரும் எழுதுகிறவர் பெயரும் வேண்டியதில்லை. வந்தவரையில் கூட்டிப் பார்த்து, அந்தக் கணக்கை இந்தப் பத்திரிகையிலேயே வெளியிட்டு, அதன் பிரதி ஒன்றைத் தொழிலாளர் மந்திரியாருக்கும் அனுப்புவோம்.